தவக்காலத்தில் நான் விட்ட மாத்திரை

அருள்,

நீ நலமாக இருப்பாய் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இருக்கிறாயா என்பது எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள உனக்கும் விருப்பமில்லை. இந்தக் கடிதத்துக்குக் காரணமே அதுதான். தொலைபேசியில் இந்தப் பேச்சை எடுத்தால் டவர் கிடைக்கவில்லை என்கிறாய். சென்னையில் உன் வீட்டு மொட்டைமாடிக்கு எதிரிலேயே டவர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

மஸ்கட்டுக்குக் கொண்டுபோகும் பெரிய பெட்டியைப் போன ஞாயிற்றுக்கிழமை இங்கே விட்டுவிட்டு, "நீயே அடுக்கிடும்மா, நீ அடுக்கினாத்தான் மூடும்" என்று சொல்லிப் போனாய். நேற்று அடுக்க உட்கார்ந்தேன். களம்பூர் அரிசியை வைக்க அடியில் இடம் பார்த்தபோது, நீ ஏற்கெனவே வைத்திருந்த ஒரு துணிப்பை கையில் பட்டது. உள்ளே மாத்திரைப் பெட்டிகள். ஒரு வருஷத்துக்கு வரும். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை அது. கம்பெனிப் பெயர்தான் வேறு, மற்றபடி காலையில் காலி வயிற்றில் நான் விழுங்குவதும் அதையேதான். எனக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தார். உனக்கு யார் எழுதிக்கொடுத்தது?

உடனே உன்னை அழைத்தேன். நீ சிரித்தாய். "எல்லாரும் போட்றதுதாம்மா. எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் பையில இது இருக்கும். இதப் போயி பெருசு பண்ணிகினு இருக்க" என்றாய். அங்கே இதே மாத்திரை கிடைக்குமோ கிடைக்காதோ என்று சேர்த்து வைத்திருக்கிறாயாம். நான் எத்தனை வருஷமாகப் போடுகிறாய் என்று கேட்டேன். நினைவில்லை என்றாய். சரி, சோறு தொண்டையில் இறங்குகிறதா என்று கேட்டேன். அப்போதுதான் டவர் போய்விட்டது.

நான் ஏன் அதைக் கேட்டேன் என்று உனக்கே தெரியும். தறியிலிருந்து வரும் ஒவ்வொரு பட்டுச்சேலையையும் கடைக்குப் போகுமுன் பிரித்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓர் இழை விட்டிருந்தாலும் திருப்பி அனுப்புவது உன் அப்பா இருந்த காலத்திலிருந்து என் வேலை. இன்றைக்கும் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் நீ ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாய். உனக்குப் பிடிக்கும் என்று பிரியாணி செய்திருந்தேன். கறித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாய். ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாய். நடுவில் ஒருமுறை நெஞ்சின் மேல் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எதுவோ கீழே போகட்டும் என்று காத்திருந்தாய். விக்கலா என்று கேட்டதற்கு, அவசரமாகச் சாப்பிட்டால் அப்படித்தான் என்றாய். நீ அவசரமாகச் சாப்பிடவில்லை. நான் கைகழுவி வந்த பிறகும் உன் தட்டில் பாதி இருந்தது. உன் இடுப்பு வாரில் ஆணியால் குத்திய புதுத் துளை ஒன்று இருக்கிறது. அதையும் பார்த்தேன்.

இந்த மாத்திரையை நான் குறை சொல்லப்போகிறேன் என்று நினைத்து நீ கடிதத்தை மூடிவிடாதே. நம் குடும்பத்தில் அதைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. உன் பெரியப்பாவை நீ பார்த்ததில்லை. அவருக்கு வயிற்றில் புண் வந்த காலத்தில் பாலும், சுண்ணாம்பு கரைத்தது போன்ற ஒரு வெள்ளை மருந்தும்தான் இருந்தன. இரண்டையும் குடித்துக் குடித்துப் பார்த்து, கடைசியில் வேலூரில் வயிற்றைத் திறந்து பாதியை எடுத்துவிட்டார்கள். மீதி வயிற்றோடு அவர் பல வருஷம் இருந்தார். கல்யாண வீடுகளில் ஒரு கைப்பிடி சாப்பிடுவார். இனிப்பு உள்ளே போனால் உடம்பெல்லாம் வேர்த்து, எங்கேயாவது படுத்தால்தான் ஆகும். சம்பந்தி வீட்டார் சமையல் பிடிக்காமல் எழுந்து போகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிடுவார். கர்வம் பிடித்தவர் என்ற பெயர் அவருக்குச் சௌகரியமாக இருந்தது. நோயாளி என்ற பெயரைவிட அது மேல் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அதே எரிச்சல் உன் அப்பாவுக்கும் வந்தது. அதற்குள் மாத்திரை வந்துவிட்டது. மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்ததை உன் அப்பா சில வாரம் ஒழுங்காகப் போட்டார், புண் ஆறியது, நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். வயிற்றில் கத்தி படவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி, தழும்பில்லாத வயிற்றைத் தடவிக்கொண்டு, "எங்க அண்ணனுக்கு இது அப்பவே கெடச்சிருந்தா, முழு வயித்தோட இருந்திருப்பாரு" என்றார். அந்த ஒரு நாள்தான் அவர் அண்ணனை நினைத்து அழுததை நான் பார்த்தேன். ஆகவே இந்த மாத்திரையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதைக் கடலைமிட்டாய் மாதிரி பை நிறைய அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நமக்கு நெய்கிற எத்திராஜை உனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேலை கொண்டுவரும்போதெல்லாம் மேல் வயிற்றை அமுக்கிக்கொண்டே வருவான். காலையில் டீ, பத்து மணிக்கு டீ, சாப்பிட்டதும் உடனே தறிக்குழியில் இறங்கி, வயிறு மடங்க முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுவான். சாப்பிட்டது மேலே வராமல் என்ன செய்யும்? கேட்டால் கேஸ் என்பான். நம் ஊரில் கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் எது வந்தாலும் கேஸ்தான். ஒரு சோடா குடித்தால் போய்விடும் என்று வேறு நம்புவார்கள். நான் அவனுடைய சேலையை மடித்துக் கையில் கொடுத்து, மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் இதைப் பிரிப்பேன் என்றேன். "இன்னாம்மா, சேலைக்கும் என் வயித்துக்கும் இன்னா சம்பந்தம், ஏன் பேஜார் பண்றீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். அவன் வயிற்றில் புண்ணை உண்டாக்குகிற ஒரு கிருமி இருந்தது. அதைக் கொல்ல இரண்டு வாரம் வேறு மாத்திரைகள், கூடவே இந்த மாத்திரை, பிறகு கொஞ்ச நாள் இது மட்டும். கிருமி போய்விட்டதா என்று மறுபடியும் பார்த்த பிறகுதான் அவர்கள் அவனை விட்டார்கள். இப்போது அவன் எந்த மாத்திரையும் போடுவதில்லை. சோடாவும் குடிப்பதில்லை. டீயை மட்டும் விடவில்லை.

இவ்வளவு தெரிந்தவள்தான் நான். எத்திராஜுக்குச் சட்டம் பேசியவள். அப்படிப்பட்ட நான் இந்தத் தவக்காலத்தில் என்ன செய்தேன் என்பதை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நீ கேட்டபோது, மாத்திரை தீர்ந்துபோயிருந்தது, வாங்க மறந்துவிட்டேன் என்றேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். நீயும் நம்பவில்லை, ஆனாலும் தோண்டிக் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு இருதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் சின்ன மாத்திரை ஒன்று. முழங்காலுக்கு வலி மாத்திரை ஒன்று. இரண்டும் வயிற்றைப் புண்ணாக்கக்கூடியவை. அதனால் வயிற்றைக் காப்பாற்றத்தான் மூன்றாவதாக இந்த மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். மூன்றும் சேர்ந்துதான் மருந்து என்று எனக்குப் புரியவில்லை. மற்ற இரண்டும் மருந்து, இது சுகத்துக்கு, காரமாகச் சாப்பிட்டுவிட்டு நெஞ்செரியாமல் தூங்குவதற்கு என்று நினைத்திருந்தேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று பிரசங்கத்தில் ஃபாதர், எது இல்லாமல் இருக்க முடியாது என்று நினைக்கிறீர்களோ அதை ஆண்டவருக்காக விட்டுக்கொடுங்கள் என்றார். நான் பீடத்தைப் பார்த்தபடி யோசித்தேன். எதன் மேல் நான் சாய்ந்துகொண்டிருக்கிறேன்? தினமும் காலையில் முதல் வேலையாக எதைத் தேடுகிறேன்? இந்த மாத்திரையை. அதற்கு முந்தின வாரம்தான் நீ தொலைபேசியில், இதை வருஷக்கணக்காகப் போட்டால் எலும்பு தேயும் என்று எங்கோ படித்ததாகச் சொல்லியிருந்தாய். உன் பையிலும் அதுவே இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆண்டவரும் மகனும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கே விட்டுவிட்டேன்.

விட்டதோடு நிற்கவில்லை. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை, ஆண்டவரின் பாடுகளைத் தியானித்துக்கொண்டு படம் படமாக நகரும் பதினான்கு நிலை. ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழ வேண்டும். என் வயதுக்காரர்கள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தலையை மட்டும் குனிகிறார்கள். எனக்கு அது ஆகாது. முழந்தாளிடுவது என்றால் தரையில் முழந்தாளிடுவது. அதற்காக வலி மாத்திரையை வெள்ளிக்கிழமைகளில் இரண்டாகப் போட்டேன். வயிற்றைக் காக்கிறதை விட்டுவிட்டு, வயிற்றைக் குடைகிறதைக் கூட்டிக்கொண்டேன். இரண்டையும் ஜெபத்தோடு செய்தேன். சில நாளிலேயே நெஞ்சு முன்னைவிட அதிகமாக எரிந்தது. திடீரென்று நிறுத்தினால் வயிறு கொஞ்ச நாளைக்கு வழக்கத்துக்கு மேல் அமிலத்தைக் கொட்டும் என்று பிற்பாடு சொன்னார்கள். அப்போது எனக்கு அது தெரியாது. எரிந்தால்தானே ஒறுத்தல் என்று பொறுத்துக்கொண்டேன். பிறகு வெளிக்குக் கறுப்பாக, தார் போலப் போனது. கீரை சாப்பிட்டதால் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படி ஏறினால் கண் இருட்டியது. நோன்பு இருப்பதால் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்தியாக ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு நிலையில் முழந்தாளிட்டவள் எழவில்லை. எழ முடியவில்லை. எல்லாரும் அடுத்த நிலைக்கு நகர்ந்துவிட்டார்கள். அம்மா உருகிப்போய் ஜெபிக்கிறார்கள், தொந்தரவு செய்யக்கூடாது என்று என்னைச் சுற்றிக்கொண்டு போனார்களாம். மடத்துச் சிஸ்டர் ஒருவர்தான் திரும்பி வந்து குனிந்து பார்த்து, என் உதடு சுண்ணாம்பாக வெளுத்திருப்பதைக் கண்டு சத்தம் போட்டார். அதன் பிறகு கார், வேலூர், ரத்தம் ஏற்றியது எல்லாம் உனக்குத் தெரியும். நீ சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது உன் முகம் என் முகத்தைவிட வெளுத்திருந்தது.

ஃபாதர் பார்க்க வந்தபோது நீ கீழே மருந்து வாங்கப் போயிருந்தாய். அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவரிடம் பொய் சொல்லி, பிறகு அவரிடமே பாவசங்கீர்த்தனம் செய்வது வீண் வேலை அல்லவா. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாத்திரையவா விட்டீங்க? நான் காபி, டிவி, கோவம்னுதானம்மா சொன்னேன்" என்றார். "காபிய விட என்னால ஆகாது ஃபாதர். கோவத்த விட்டா இழை விட்ட சேலதான் கடைக்குப் போவும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. எனக்குக் கஷ்டமானதை நான் ஆண்டவருக்குக் கொடுக்கவில்லை. காபியைவிட இதை விடுவது சுலபமாக இருந்தது, அதைத்தான் கொடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் என் வீம்பு போகவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் பிரஷர் என்று சொன்னேன். கறுப்பாக வெளிக்குப் போனேன் என்று எந்த வாயால் சொல்வது? எத்திராஜ் மட்டும் எப்படியோ தெரிந்துகொண்டு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டான்: "தறிக்காரனுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? என்ன மட்டும் ஜல்தியா தொரத்துனீங்க. உங்கள தொரத்த ஆளு இல்லியா?" நான் அவன் கொண்டுவந்த சேலையை வாங்கிப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். அவன் சேலையில் அன்றைக்குக் குறை ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வேறு எரிச்சல்.

என்னைத் துரத்த ஆள் இல்லை, அருள். உனக்கு நான் இருக்கிறேன்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பதைப் பற்றி நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்ததோடு சரி. ஆகவே நானே சொல்கிறேன். முதலில் என் பல்செட்டைக் கழற்றச் சொன்னார்கள். உன் அப்பா போன பிறகு இந்த உலகத்தில் யார் முன்னாலும் நான் அதைக் கழற்றியதில்லை. அதைவிடப் பெரிய வேதனை உள்ளே ஒன்றும் இல்லை. தொண்டை மரத்துப்போக ஏதோ பீய்ச்சினார்கள். இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார்கள். பல்லுக்கு நடுவில் ஒரு வளையம் வைத்தார்கள். குழாய் இறங்கும்போது குமட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு ஜெபமாலையில் பாதிகூட மனசுக்குள் முடியவில்லை, அதற்குள் ரத்தம் கசிந்த இடத்தைக் கண்டுபிடித்து, அடைத்து, குழாயை வெளியே எடுத்துவிட்டார்கள். இந்த வயதில் நான் படுத்து எழுந்தேன். உன்னால் முடியும்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று, நீ வண்டி பார்க்கப் போன நேரத்தில் மருத்துவரிடம் கேட்டேன். இளம் பெண், உன்னைவிடச் சின்னவள், ஆனால் என்னை அதட்டுகிற தைரியம் இருந்தது, அதனால் எனக்குப் பிடித்திருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர், தானே வாங்கி இதே மாத்திரையைப் போடுகிறார் போலிருக்கிறது, நெஞ்செரிச்சல் என்று சொல்வதில்லை, ஆனால் சோறு இறங்கத் தண்ணீர் வேண்டியிருக்கிறது என்றேன். நீ சட்டைப் பையிலிருந்து இதே மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டதையும், ஆஸ்பத்திரிக் கேன்டீன் இட்லியை என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரோடு விழுங்கியதையும் அப்போதே பார்த்துவிட்டிருந்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இது நல்ல மாத்திரைதாம்மா. ஆனா எரிச்சல நிறுத்தும், ஏன் எரியுதுன்னு சொல்லாது" என்றாள். சோறு சிக்குவது, உடம்பு காரணமில்லாமல் இளைப்பது, கறுப்பாகப் போவது, ரத்தம் குறைவது, இதில் எது இருந்தாலும் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு நாளைத் தள்ளக்கூடாது, உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்றாள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னாள். பல பேருக்கு அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாய் சுருங்கியிருக்கும். அதை விரித்துவிட வழி இருக்கிறதாம். வேறு ஏதாவது என்றாலும் சீக்கிரம் பார்த்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறதாம். "யாரும்மா அந்த ஒருத்தர்?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. உன் ரகசியம் என்று நினைத்தேன். என் வீம்பும் அதில் சேர்ந்திருந்தது. என் மகனுக்கு ஒரு குறை என்று அந்நியர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. "அந்த ஒருத்தர கூட்டினு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

நீ ஏன் போக மாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்காரர்கள் ரத்தம் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், தகுதி என்று முத்திரை போட்டுவிட்டார்கள். இப்போது போய் உள்ளே எதையாவது கண்டுபிடித்தால், இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த மஸ்கட் கைவிட்டுப் போய்விடும். அந்த வேலை உனக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் அறிவேன். உனக்குக் கீழே வேலை பழகியவர்கள் உனக்கு மேலே உட்கார்ந்ததை நீ வாய் திறந்து சொல்லவில்லை என்றாலும் எனக்குத் தெரியும். இது உனக்கு வந்த முறை. அதை நான் கெடுக்க நினைப்பேனா? ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அவர்கள் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். சோறு போகும் வழியைப் பார்க்கவில்லை. அங்கே ஏதாவது இருந்தால் அது இங்கே இருந்தாலும் இருக்கும், மஸ்கட் போனாலும் கூடவே வரும். வித்தியாசம் ஒன்றுதான். இங்கே உனக்குத் தாய் நானும் மனைவி ரீட்டாவும் இருக்கிறோம். அங்கே வெயிலில் ஏதோ ஒரு மதியம், தட்டின் முன்னால் நெஞ்சில் கை வைத்து நீ தனியாகக் காத்திருப்பாய். நான் எனக்குக் கீரை என்று சொல்லிக்கொண்டேன். நீ அவசரச் சாப்பாடு என்று சொல்லிக்கொள்கிறாய். என் காரணம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நீதான் பார்த்தாயே.

ரீட்டாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அது உன் வேலை. ஆனால் இடுப்பு வாரில் துளை போட்டதை அவள் பார்க்கவில்லை என்று நீ நினைத்தால், பெண்களைப் பற்றி நான் உனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை என்று அர்த்தம்.

நேற்று அந்தப் பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் எடுத்து என் அலமாரியில் பூட்டிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. முன்பு என்றால் பூட்டியிருப்பேன். சின்ன வயதில் உன் சைக்கிளைப் பூட்டி வைத்ததுபோல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று என் வயிறு எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது. ஆகவே அரிசியை வேறு பக்கம் ஒதுக்கி, அவற்றை இருந்த இடத்திலேயே வைத்து அடுக்கிவிட்டேன். பெட்டி மூடிக்கொண்டது. நீ பாட்டுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, வீறாப்பில் நாளைக் காலையிலிருந்து மாத்திரையை விட்டுவிடாதே. எத்தனை நாள் போடுவது, எப்போது குறைப்பது, எப்படி நிறுத்துவது என்று சொல்ல வேண்டியவர்கள் வேறு. நானும் இல்லை, நீயும் இல்லை, மருந்துக் கடைக்காரரும் இல்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு வேலூரில் மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள், புண் முழுதாக ஆறியிருக்கிறதா என்று. இன்று காலை அங்கே தொலைபேசியில் பேசினேன். அந்த ஒருவர் என் மகன்தான் என்று சொன்னேன். உன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். எனக்குப் பின்னால் உனக்கும் நேரம் கொடுத்திருக்கிறார்கள். உன் விமானத்துக்கு அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது. பரிசோதனைக்கு முன் உன் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். உன்னையே பேசச் சொன்னார்கள், எண்ணை உனக்கு அனுப்புகிறேன். அவர்கள் சொல்லும்வரை வழக்கம்போல் போடு. திங்கட்கிழமை இரவே இங்கே வந்துவிடு. லேசாக ரசம் சாதம் வைக்கிறேன், மெதுவாகச் சாப்பிடு, எவ்வளவு நேரம் ஆனாலும் நான் எழுந்து போகமாட்டேன். மறுநாள் இரண்டு பேருக்கும் காலி வயிறு.

காலையில் கண்ணமங்கலம் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். கார் அனுப்புகிறேன் என்று சொல்லாதே. கார் அனுப்பினால் நீ வராமல் இருக்க அதுவே ஒரு காரணமாகிவிடும். நீ வந்தால் வழியில் அறிவுரை ஒன்றும் சொல்லமாட்டேன். இந்தக் கடிதத்தோடு என் சரக்கு தீர்ந்தது. நான் உன்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அப்பா போனபோது கூட இங்கேயே இருக்கிறேன் என்றுதான் சொன்னேனே தவிர, வா என்று கூப்பிடவில்லை. இப்போது கேட்கிறேன். வா.

வர முடியாது என்று நீ முடிவு செய்தால், அதை முன்கூட்டியே எனக்குச் சொல்லிவிடாதே. திங்கட்கிழமை இரவு நீ வராவிட்டாலும் சொல்லாதே. கண்டக்டர் விசில் அடிக்கும்வரை பக்கத்து இடத்தில் என் கைப்பையை வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களிடமெல்லாம் ஆள் வருது என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அம்மா